புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதா, அதே பணத்துக்குப் பழைய பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்குவதா?

கேள்வியில் இரண்டு வழி சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, மஸ்டா எம்எக்ஸ்-5 அல்லது டொயோட்டா ஜிஆர்86 மாதிரி ஒரு புது வண்டி. மற்றது, அதே பணத்துக்குக் கிடைக்கிற பழைய பிஎம்டபிள்யூ எம்3 அல்லது போர்ஷே 911. மொத்தப் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வைக்க முடியும், அந்த மாடலை நன்றாகப் பிரித்துப் பழகிய மெக்கானிக் எட்டும் தூரத்தில் இருக்கிறார் என்றால் பழையதை வாங்குங்கள். இந்த இரண்டில் எது இல்லாவிட்டாலும் புதியதுதான் சரி.

காரணம் எளிது. பழைய வண்டியின் விலை பாதியாகக் குறையலாம். அதன் கிளட்ச், டேம்பர், பிரேக் டிஸ்க் விலையெல்லாம் குறையாது. நீங்கள் எவ்வளவு கொடுத்து வாங்கினாலும், பராமரிப்புச் செலவு அந்த வண்டி ஷோரூமில் நின்றபோது இருந்த தரத்துக்கு ஏற்றபடிதான் வரும். பலர் வாங்குகிற விலையை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, முதல் பெரிய ரிப்பேரில் வண்டியைத் திரும்ப விற்கிறார்கள். அப்படி விற்பனைக்கு வருகிற வண்டிதான் அடுத்தவருக்கு மலிவாகத் தெரிகிறது.

'பழைய பெர்ஃபார்மன்ஸ் கார்' என்று பொதுவாகத் தேடாதீர்கள். மாடலையும் எஞ்சினையும் முடிவு செய்துவிட்டு, அதற்கே உரிய நோய் என்ன என்று தெரிந்துகொண்டு தேடுங்கள். 2007 முதல் 2013 வரை வந்த எம்3-இல் இருக்கும் எஸ்65 வி8 எஞ்சினில் கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டனை இணைக்கும் தண்டு கிராங்க்ஷாஃப்டில் பொருந்தும் இடத்துப் பேரிங்) தேய்வது பிரபலமான பிரச்சினை. 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில், சுமார் 8,400 ஆர்பிஎம் வரை சுழலும் எஞ்சின். ஆயில் சூடாவதற்கு முன் மிதித்தால் பேரிங்தான் அடி வாங்கும். அந்த வண்டியின் ஆர்பிஎம் மீட்டரைக் கவனியுங்கள்: குளிராக இருக்கும்போது மேல் எல்லையில் மஞ்சள் விளக்குகள் எரியும், ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். விற்பவர் ஓட்டிக் காட்டும்போது அந்த விளக்குகள் எரிகையிலேயே முறுக்குகிறாரா என்று பாருங்கள். வண்டியை இதுவரை எப்படி வைத்திருந்தார் என்பதை அது சொல்லிவிடும். பேரிங்குகளை முன்கூட்டியே மாற்றியதற்கு பில் இருந்தால், அந்த வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

அதற்கு முந்தைய ஈ46 எம்3-இல் எஞ்சினைவிடப் பின்புறத் தளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் இடத்தில் தகடு விரிசல் விடும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அந்த நான்கு பொருத்து இடங்களைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் பூசியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பின் ஆக்ஸிலையே இறக்கித் தகடு வைத்து வெல்டிங் செய்கிற வேலை அது.

போர்ஷேயில் 996 வகை 911, முதல் தலைமுறை பாக்ஸ்டர் இரண்டிலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் (கிராங்க்ஷாஃப்டின் சுழற்சியைக் கேம்ஷாஃப்டுகளுக்குக் கடத்தும் தண்டு) பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அதைத் தொட முடியும், அதனால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்து மாற்றுவார்கள். 2009 மாடலில் வந்த புது எஞ்சினில் அந்த ஷாஃப்டே இல்லை. அந்தக் காலத்து டர்போவிலும் ஜிடி3-யிலும் இருப்பது வேறு எஞ்சின். இந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை. 996-க்கு அடுத்து வந்த 997 வகை முதல், எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து ஓவர்-ரெவ் அறிக்கை (எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்ற பதிவு) எடுக்கலாம். ஆறு நிலைகளில் பதிவாகியிருக்கும். முதல் மூன்றைப் பற்றிக் கவலை வேண்டாம். நான்கு முதல் ஆறு வரை பதிவு இருந்தால், யாரோ தவறான கியருக்கு இறக்கி எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றியிருக்கிறார்கள். அது எஞ்சின் எத்தனையாவது மணி நேரம் ஓடியபோது நடந்தது என்பதும் அறிக்கையில் இருக்கும். அதற்குப் பிறகு சில நூறு மணி நேரம் ஓடியிருந்தால் பயப்பட வேண்டாம். நேற்று நடந்தது போலிருந்தால் விலகுங்கள்.

மஸ்டா ஆர்எக்ஸ்-8 பிடித்திருந்தால், ரோட்டரி எஞ்சினுக்கான (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் எஞ்சின்) தனி கம்ப்ரஷன் டெஸ்டர், அதாவது உள்ளே அழுத்தத்தை அளக்கும் கருவி, இல்லாமல் வாங்கவே கூடாது. சாதாரண கேஜ், ரோட்டரின் மூன்று பக்கங்களில் அதிகமாக இருக்கிற ஒன்றை மட்டும் காட்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகத் திணறினால் ரோட்டரின் சீல் தேய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாடலானாலும் சில விஷயங்கள் பொது. நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தை மறைக்கிறார்கள். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) செருகினால், பிழைக் குறியீடு இருக்கிறதா என்பதோடு ரெடினஸ் மானிட்டர்களும் (வண்டி தன்னையே சோதித்துக்கொள்ளும் சோதனைகள்) முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல மானிட்டர்கள் முடியாமல் இருந்தால், குறியீட்டை அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

கம்ப்ரஷன் டெஸ்டைவிட லீக்-டவுன் டெஸ்ட் அதிகம் சொல்லும். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது அது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நன்று, 20-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது. காற்று எங்கே சீறுகிறது என்று காது வைத்துக் கேளுங்கள். சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடி வழியாக வந்தால் பிஸ்டன் ரிங், கூலன்ட்டில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் பெயின்ட் கேஜ், டயரின் பக்கவாட்டு எண் இரண்டும் சீக்கிரம் முடிகிற வேலை. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் இருக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. டயரில் கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நான்கு டயரும் நான்கு கம்பெனி என்றால், ஆயிலிலும் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார். செராமிக் பிரேக் உள்ள வண்டியில் தடிமனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த டிஸ்க்கின் தேய்மானத்தை எடையை வைத்தும் பார்ப்பார்கள், மாற்றினால் விலை தலைசுற்றும்.

புது வண்டி பக்கம் வந்தால், முதல் மூன்று வருட மதிப்புச் சரிவை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். பதிலுக்குக் கிடைப்பது வாரன்ட்டி, அதைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். புது மாடலின் முதல் வருட உற்பத்தியில் கோளாறு வருவது வழக்கம்தான். 2014-இல் போர்ஷே 991 ஜிடி3-யில் கனெக்டிங் ராட் போல்ட் தளர்ந்து எஞ்சின் தீப்பிடித்தபோது, 785 வண்டிகளுக்கும் கம்பெனியே புது எஞ்சின் மாற்றிக் கொடுத்தது. வாரன்ட்டி முடிந்த வண்டியில் அதே போல்ட் தளர்ந்தால் முழுச் செலவும் உங்களுடையது. ஆனால் டிராக்கில் ஓட்டுவது, எஞ்சின் டியூனிங் இரண்டையும் வாரன்ட்டி எப்படி நடத்துகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன் வரிவரியாகப் படியுங்கள்.

இன்னொன்று, சாலையில் எவ்வளவு சக்தியைப் பயன்படுத்த முடியும் என்பது. எம்எக்ஸ்-5 ஒரு டன்னை ஒட்டிய வண்டி. அதில் மூன்று கியரை முழுதாக இழுத்து ஓட்டலாம். 500 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள 1,800 கிலோ செடானில் இரண்டாவது கியர் முடியும் முன்பே காலை எடுக்க வேண்டியிருக்கும், டயரும் பேடும் மட்டும் முழு எடைக்கும் தேயும். ஓட்டுவதில்தான் ஆசை என்றால், எடை குறைந்த புது வண்டி தருகிற இன்பத்தைப் பழைய பெரிய வண்டியால் தர முடியாது என்பது என் உறுதியான கருத்து. சத்தமும் இழுவையும்தான் வேண்டும் என்றால் கணக்கு மாறும்.

பழையதை வாங்கிவிட்டால், வேகமாக ஓட்டும் முன் எல்லாத் திரவத்தையும் மாற்றுங்கள்: எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், கூலன்ட், பிரேக். டாட் 4 பிரேக் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். கழற்றிய ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள், உலோகத் துகள் இருந்தால் மினுங்கும். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஈயம், தாமிரம், தகரம் அளவுகளைக் கேளுங்கள். ஒரு மாதிரியை வைத்து முடிவு செய்யாதீர்கள்; அடுத்தடுத்த ஆயில் மாற்றங்களில் அந்த அளவு ஏறிக்கொண்டே போனால், பேரிங்கைப் பிரிக்க நேரம் வந்துவிட்டது.