மூக்கில்லாத நாயும் மூக்கனேரியும்

கேள்வி: பக் நாய் வளர்ப்பவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்? சேலம் மாதிரி வெயில் ஊரில் அதை வளர்க்க முடியுமா?

முடியும். கன்னங்குறிச்சியில் ஐந்து வருடமாக ஒன்றை வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் நம் வசதிக்கு அது வளையாது, அதன் மூச்சுக்கு நாம்தான் வளைய வேண்டும். எத்தனை மணிக்கு எழுவது, எப்போது கடைக்குப் போவது, எந்த அறையில் யார் படுப்பது என்று எங்கள் வீட்டில் எல்லாமே ஒன்பது கிலோகூட இல்லாத ஒரு ஜீவன் எப்படி மூச்சு விடுகிறது என்பதைப் பார்த்துத்தான் நடக்கிறது.

நானாகத் தேடிப் போய் வாங்கிய நாய் அல்ல. என் கொழுந்தன் பெங்களூரில் இருந்தபோது ஆசைப்பட்டு வாங்கினார். அப்புறம் அவருக்கு துபாயில் வேலை கிடைத்தது. மூக்கு சப்பையான நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற நிறைய விமான நிறுவனங்கள் சம்மதிப்பதில்லை, வழியில் மூச்சுத் திணறிவிடும் என்ற பயம். அப்படித்தான் இரண்டு வயதில், ஒரு பை நிறையப் பொம்மைகளோடு இவன் எங்களிடம் வந்து சேர்ந்தான். பெங்களூரில் இவனுக்கு வாயில் நுழையாத ஒரு ஆங்கிலப் பெயர். அத்தை, அதாவது என் மாமியார், சுருண்ட வாலைப் பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு, முறுக்குச் சுத்தி ஒட்டவெச்ச மாதிரி இருக்குது" என்றார். அன்றிலிருந்து முறுக்கு.

தெருவில் யாரும் பக் என்று சொல்வதில்லை. எல்லோருக்கும் இது ஹட்ச் நாய். 2003-ல் ஹட்ச் செல்போன் கம்பெனிக்காக வந்த விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் போகும் இடமெல்லாம் இந்த நாய் பின்னாலேயே போகும். இந்தியாவில் பாதிப் பேர் பக் வாங்கியதே அதைப் பார்த்துத்தான் என்பது என் கணிப்பு. கம்பெனியின் பெயர் வோடஃபோன் ஆகி, அதற்கு அப்புறமும் மாறிவிட்டது. நாய்க்கு மட்டும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. விளம்பரத்து நாய் எவ்வளவு தூரம் நடந்ததோ, எங்கள் ஹட்ச் மே மாதத்தில் கேட்டைத் தாண்டி ஐம்பது அடி போனதும் நடுத்தெருவில் படுத்துக்கொள்வான். பத்து தெரு ஜனமும் பார்க்கத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

நெற்றிச் சுருக்கத்தில் ராஜா என்று பொருள்படும் எழுத்து தெரிகிறது என்று சீனாவில் கொண்டாடுவார்களாம். இந்த இனத்தின் பூர்வீகமே அந்த ஊர்தான். அத்தை கண்ணுக்கு அது பட்டை. "மூணு கோடும் என்ன வரிசையாப் போட்டிருக்கான் பாரு, திருநீறு பூசின மாதிரி" என்று வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார்.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். கோடையில் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். ஐந்தே காலுக்கு மூக்கனேரிக் கரை. மூக்கே இல்லாத நாயை மூக்கனேரிக்குக் கூட்டிப்போகிறாயா என்று முதல் நாள் சொன்ன ஜோக்கை என் கணவர் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கழுத்துப்பட்டை கட்டுவதில்லை. இழுத்தால் ஏற்கெனவே குறுகலான மூச்சுக்குழல் நெரியும், அதனால் மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ்தான். ஏழு மணிக்குள் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். அதன் பிறகு தார் ரோடு தோசைக்கல். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து ஆறு எண்ணும்வரை நமக்குத் தாங்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் தாங்காது. மறுபடி வெளியே போவது இரவு ஏழரைக்கு மேல்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். நீளமான மூக்குள்ள நாய்க்கு உள்ளே ஈரமான மடிப்புகள் நிறைய இருப்பதால், காற்று அதில் பட்டுப் பட்டு உடம்பு குளிரும். பக்குக்கோ அழகுக்காக மண்டையோட்டைத் தலைமுறை தலைமுறையாகச் சுருக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. அண்ணத்தின் பின்சதை தொண்டையில் வந்து தொங்கும். நாசித் துவாரம் சட்டைப் பட்டன் ஓட்டை மாதிரி ஒரு கீறல். வேகமாக இளைக்க இளைக்க அந்தச் சதை வீங்கி, இருக்கிற வழியும் அடைபடும்.

இதெல்லாம் எனக்கு ஏட்டறிவாகத்தான் இருந்தது, மூன்றாவது வருடம் மே மாதம் வரைக்கும். அன்று தடுப்பூசி போட வேண்டிய தேதி. கணக்கு எழுதுகிற புத்தி, தேதி என்றால் தேதி. (ஒரு சேகோ ஆலைக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைக்கு, வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன்.) மதியம் மூன்று மணிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஐந்து ரோடு சந்திப்பில் வண்டிகள் நகரவில்லை. முதலில் சத்தம் மாறியது. வழக்கமான கொரகொர போய், ஈர மரத்தை ரம்பம் போட்டு அறுப்பது மாதிரி வந்தது. எச்சில் கஞ்சி மாதிரிக் கெட்டியாக என் மடியில் வழிந்தது. நாக்கைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற குழந்தையின் நாக்கு எப்படி இருக்கும், அந்த நிறம்.

ஆட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார். "அக்கா, முதல்ல கீழ இறக்குங்க" என்றவர், கரும்புச்சாறு வண்டிக்காரரிடம் குடத்தைக் கேட்டு வாங்கி வந்து, வயிறு, தொடை, பாதம் என்று ஊற்றினார். நான் கணக்கு நோட்டால் விசிறினேன். இரண்டு குடம் ஆனதும் ஈரத்தோடு தூக்கிப் போட்டுக்கொண்டு, சந்து சந்தாகப் புகுந்து காற்றுப் படும்படி ஓட்டினார். டாக்டர் பார்த்தபோது காய்ச்சல் 105-க்கு மேல். நாய்க்கு 101, 102 டிகிரிதான் இயல்பு. "ஏம்மா, மே மாசம் மூணு மணிக்கு இவனை வெளிய கொண்டுட்டு வருவாங்களா? ஒரு போன் பண்ணியிருந்தா ராத்திரி வரச் சொல்லியிருப்பேனே" என்று அவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. வழியில் தண்ணீர் ஊற்றியதால்தான் பிழைத்தான் என்றும் அவரே சொன்னார். அதனால் பக் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் குளிர வை, அப்புறம் வண்டி ஏற்று. சாதாரணக் குழாய்த் தண்ணீரும் காற்றும் போதும். வாய்க்குள் ஊற்றக் கூடாது, ஈரத்துண்டால் போர்த்தி அப்படியே விட்டுவிடவும் கூடாது. அந்தத் தம்பி இப்போதும் எங்கே பார்த்தாலும், "அக்கா, ஹட்ச் எப்படி இருக்குது?" என்பார்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லாத நாள் இருக்கிறதே, அதுதான் எங்களுக்குப் பரீட்சை. பழைய வீடு, சிவப்பு ஆக்சைடு தரை. அதில் நாலு காலையும் பரப்பிக்கொண்டு, கல்லில் ஊற்றிய மாவு மாதிரிப் படுத்துக்கிடப்பான். பக்கத்தில் நனைத்த சாக்கு. அத்தை கையில் பனையோலை விசிறி. கடைசியில் இன்வெர்ட்டர் வாங்கிவிட்டோம். அந்தச் செலவை நாய்க் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

முகத்தைத் தினமும் துடைக்க வேண்டும். மூக்குக்கு மேல் ஒரு தடித்த மடிப்பு இருக்கும். கட்டை விரலால் அதை மெல்லத் தூக்கினால் உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு சின்ன வாய்க்கால். இரண்டு நாள் விட்டால் பழுப்பாக அழுக்கு சேர்ந்து புளித்த மாவு வாடை அடிக்கும். நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை. இரண்டாவதுதான் முக்கியம், ஈரம் தங்கினால் புண். முறுக்குக்கு இது பிடிக்காது. மடியில் உட்கார்ந்து, வட்டிக்காரனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டே பொறுத்துக்கொள்வான்.

கண் அதைவிட ஆபத்தான சமாச்சாரம். முன்னால் மூக்கு இல்லாததால் எதில் மோதினாலும் முதலில் படுவது கண்தான். ஒரு தடவை ரோஜாச் செடிக்குள் தலையை விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டே வந்தான். டாக்டர் ஆரஞ்சு நிறச் சாயக் காகிதத்தைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கை அடித்ததும், கருவிழியின் நடுவில் ஒரு கீறல் பச்சையாக ஒளிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு, பத்து நாள், இரவிலும். ரோஜாச் செடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

முடி கொட்டுமா என்றால், கொட்டும். வருடம் முழுக்க. என் கணவர் கார்த்திகை மாதம் மாலை போடுவார். கறுப்பு வேட்டி என்று பெயர்தான்.

சாப்பாட்டில்தான் எங்கள் வீட்டில் சண்டையே. ஆறிலிருந்து எட்டு கிலோ இருக்க வேண்டிய நாய், வந்த ஒரே வருடத்தில் பத்தே முக்கால் ஆகிவிட்டது. நான் அளந்து போடுகிறேன், எடை ஏறுகிறது. அப்புறம்தான் தெரிந்தது, அத்தை காலையில் டீயில் நனைத்து ரஸ்க், பத்து மணிக்கு அரை இட்லி, மாலையில் பொட்டுக்கடலை. "வாயில்லா ஜீவன் பாக்குது, நான் எப்படி கண்ணு முழுங்கறது?" பக்குக்குக் கொழுப்பு சேர்ந்தால் தொண்டையைச் சுற்றியும் சேரும், மூச்சு இன்னும் அடைக்கும் என்று டாக்டரை விட்டே சொல்ல வைத்தோம். இப்போது ரஸ்குக்குப் பதில் வெள்ளரிக்காய். எட்டரை கிலோவுக்கு வந்திருக்கிறான். ஒரு நாள் என் மகள் தட்டுவடை செட்டை, வெங்காயமும் பூண்டுச் சட்னியும் வைத்த எங்கள் ஊர்த் தின்பண்டத்தை, கீழே போட்டுவிட்டாள். நாம் குனிவதற்குள் தரை சுத்தம். வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அதனால் நாலைந்து நாள் ஈறு வெளுக்கிறதா, மூத்திரம் கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். கொஞ்சம்தான் உள்ளே போயிருந்தது போல, தப்பித்தான்.

மாதம் சராசரியாக நாலாயிரம் ரூபாய் ஆகிறது, உணவு, உண்ணி மருந்து, கண் சொட்டு எல்லாம் சேர்த்து. கண்ணில் அடிபட்ட மாதம் அது மும்மடங்கு.

ஏற்காடு கூட்டிப்போனதைச் சொல்லாமல் விட முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழாவதிலேயே மகளின் மேல் வாந்தி. வண்டியை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தபோது தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. குரங்கும் முறுக்கும் ஒரு நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே ஜாடை. குரைக்கக்கூட இல்லை. மேலே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பிப்ரவரிக் குளிரில் அவன் வேறு நாய். காப்பித் தோட்டத்து வழியில் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்று எங்களைக் கூப்பிட்டான். இரண்டு நாள் இளைப்பே இல்லை. "இவன் எஸ்டேட் நாய், வழி தவறி அடிவாரத்துக்கு வந்துட்டான்" என்றார் என் கணவர். சிரித்தேன், ஆனால் திரும்பி வரும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அப்படியானால் வாங்கலாமா என்றால், என் பதில் வேண்டாம். ராயல் வெட்டர்னரி காலேஜ் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, உடல்நல அளவில் பக்கை இனி வழக்கமான நாயாகக் கருத முடியாது என்றது. அது இங்கிலாந்துக் குளிரிலேயே. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு இவற்றோடு பக்கும் இருந்தது. பேப்பரில் படித்துக் காட்டியதும் அத்தை, "நம்ம முறுக்கையா போட்டிருக்காங்க?" என்று அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காசு கொடுத்துக் குட்டி வாங்கினால், விற்பவர்கள் இன்னும் குட்டிகள் போட வைப்பார்கள். யாராவது வளர்க்க முடியாமல் விட்ட பக் கிடைத்தால், வீட்டில் பகல் முழுக்க ஆள் இருந்தால், எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, நாய்தான் வேண்டும் என்றால் தெருக்குட்டி ஒன்றைத் தூக்கி வாருங்கள், வெயில் அதற்குப் பழக்கம்.

குறட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எல்லோரும் கேட்பார்கள். விடும், மிக்ஸி ஓடுகிற சத்தத்தில். வந்த புதிதில் அத்தை கட்டிலை உள் அறைக்கு மாற்றிக்கொண்டார். இப்போது ஹாலில் அவன் பக்கத்திலேயே படுக்கிறார், சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம். போன வாரம் இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பினார். "சத்தத்தையே காணோம், என்னனு பாரு கண்ணு." ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். முறுக்கு ரஸ்க் டப்பா இருக்கும் அலமாரிக்குக் கீழே, நிமிர்ந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.