காங் அடித்ததும் படபடப்பு வந்தால்

மனம் அடங்கும் என்று படுத்துக்கொண்டு கிண்ணம், காங் ஒலிகளைக் கேட்கிற சவுண்ட் பாத் அமர்வுக்குப் போனேன், காங் என்கிற பெரிய உலோகத் தட்டை அடித்ததும் நெஞ்சு படபடத்தது, எனக்கு இது ஒத்துவராதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி இப்போதே முடிவு கட்ட வேண்டாம். தட்டி வாசிக்கிற உலோகக் கிண்ணத்தின் ஒலி மெல்லத் தேய்ந்து அடங்கும், ஆனால் காங்குக்குப் பக்கத்தில் படுத்திருந்தால் ஒலி திடுதிப்பென்று பெருகி தரை வழியாக முதுகிலேயே அதிரும், ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிற உடம்பு அதற்குத் துள்ளத்தான் செய்யும்.

அடுத்த முறை கிண்ணம் மட்டும் வாசிக்கிற அமர்வாகப் பார்த்து, கடைசி வரிசையில், கதவோரமாக இடம் பிடியுங்கள். படுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை, சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டே கேட்கலாம். ஒலி தேய்கிற வேகத்துக்கே மூச்சையும் மெதுவாக விட்டுப் பாருங்கள்.

அப்புறம், இத்தனை ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலி உடம்பின் செல்லையே சரிசெய்யும் என்கிற கதையெல்லாம் நம்பாதீர்கள். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 62 பேரிடம் இறுக்கம் குறைந்தது உண்மைதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே அதில் இல்லை. வலிப்பு, காதிரைச்சல், பேஸ்மேக்கர் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். மற்ற நாட்களிலும் படபடப்பு வருகிறதென்றால் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும்.