வண்டியை ஏன் இரண்டு தெரு தள்ளி நிறுத்தினான்?

கேள்வி: அம்மா, நாங்கள் பகாவ் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது டவுனில் மலிவு விலை வீட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனை ஆலையில் வேலை செய்கிறார். நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் தம்பி நான்கு வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டிலிருந்து ஜொகூருக்குப் போய்விட்டான். போன வாரம் நீதிமன்றத்திலிருந்து ஒரு பெய்லிஃப் வந்தார். தம்பி வாங்கிய தனிநபர் கடனுக்காக எங்கள் ஐஸ்பெட்டி, டிவி, சலவை மெஷின், என் தையல் மெஷின் எல்லாவற்றையும் பட்டியல் எழுதி, ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏலம் விடுவார்களாம். தம்பி இருக்கும் இடம் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. போன தீபாவளிக்குக்கூட வந்து பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தான். தெருவில் இடமில்லை என்று வண்டியை இரண்டு தெரு தள்ளித் தமிழ்ப்பள்ளிப் பக்கம் நிறுத்திவிட்டு நடந்தே வந்தான், பாவம். மாதம் 200 வெள்ளி கட்டித் தொலைத்துவிடலாம் என்கிறார் கணவர். அவனைக் காட்டிக்கொடுத்தால் இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறார் என் அம்மா. நாங்கள் என்ன செய்வது?
பெயர் வேண்டாம், பகாவ், மலேசியா

பதில்: தமிழ்ப்பள்ளிப் பக்கம் நின்ற அந்த வண்டி என்ன வண்டி, சகோதரி? புதியதா?

தீபாவளிக்கு வருகிறவர்கள் எப்படி நிறுத்துவார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாக்கடை ஓரத்தில் ஒரு சக்கரம், பக்கத்து வீட்டு வாசலில் ஒரு சக்கரம் என்று நிறுத்திவிட்டு, ‘எடுக்க வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்’ என்று சொல்லிவிட்டு முறுக்குத் தின்ன உட்கார்ந்துவிடுவார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு யாரும் இரண்டு தெரு நடப்பதில்லை. உங்கள் தம்பி நடந்தார். தம் பெயரில் உள்ள வண்டி அந்த வாசலில் நிற்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டி போய்விடும் என்று யோசித்தவர், அக்காவின் ஐஸ்பெட்டி போய்விடுமே என்று யோசிக்கவில்லை. நீங்களோ ‘பாவம்’ என்று எழுதுகிறீர்கள்!

இன்னொன்றும் கேட்கிறேன். நீதிமன்றம் ஒரே நாளில் பெய்லிஃபை அனுப்பிவிடாது. முதலில் வழக்கறிஞரின் கோரிக்கைக் கடிதம் வரும், பிறகு சம்மன் வரும். பதில் சொல்லாமல் இருந்தால் தீர்ப்பு. அதற்கும் பிறகுதான் பொருள்களைப் பறிமுதல் செய்து விற்கும் ஆணை. இத்தனை தாள்களும் அவர் கொடுத்த விலாசத்துக்குத்தான் வந்திருக்கும். அதாவது உங்கள் வீட்டுக்கு. உங்கள் கடிதத்தில் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கே போயின? தீபாவளியன்று பலகாரப் பையோடு சேர்த்து நீங்களே அவர் கையில் கொடுத்தனுப்பியிருப்பீர்கள் என்பது என் ஊகம். தவறாக இருந்தால் சந்தோஷம்.

இனி சட்டம். கடன் வாங்கியவர் அவர். நீங்களோ உங்கள் கணவரோ ஜாமீன்தாரராக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை என்றால், அந்தக் கடனில் ஒரு காசுகூட உங்களுடையது அல்ல. உடன்பிறப்பு என்பதற்காகக் கடன் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் கடனாளியின் விலாசத்தில் இருக்கும் பொருள் கடனாளியுடையது என்றுதான் பெய்லிஃப் எடுத்துக்கொள்வார். அவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவை உங்களுடையவை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும், அதையும் ஏலத்துக்கு முன்பே காட்ட வேண்டும்.

அந்தத் தாளில் நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கும். நாளைக் காலையே அந்த நீதிமன்றப் பதிவகத்துக்குப் போய், அப்படி ஒரு வழக்கு உண்மையாகவே இருக்கிறதா என்று பாருங்கள். கடன் வசூலிக்கும் கம்பெனி ஆள்களும் தங்களைப் பெய்லிஃப் போலக் காட்டிக்கொள்வதுண்டு. அவர்களுக்கு உங்கள் வீட்டுக்குள் வரவோ ஒரு கரண்டியைத் தூக்கவோ அதிகாரம் கிடையாது. ஆ லோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரன் என்றால் நேரே போலீஸ் நிலையம். வழக்கு உண்மை என்றால், பட்டியலில் உள்ள இன்னின்ன பொருள்கள் எங்களுடையவை, கடனாளியுடையவை அல்ல என்று பெய்லிஃபுக்கு எழுத்து மூலம் உரிமைக் கோரிக்கை கொடுங்கள். ரசீது, தவணை கட்டிய புத்தகம், கடையிலிருந்து கொண்டுவந்து இறக்கியபோது கையெழுத்திட்ட தாள், உத்தரவாத அட்டை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து வையுங்கள். பெய்லிஃப் அதைக் கடன் கொடுத்த நிறுவனத்துக்குத் தெரிவிப்பார். அவர்கள் ஒப்புக்கொண்டால் பொருள் விடுபடும். மறுத்தால் யாருடையது என்று நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு செய்யும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சிரம்பானில் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. அதுவரை பட்டியலில் ஏறிய எதையும் பக்கத்து வீட்டுக்கு நகர்த்தாதீர்கள். பொருள் உங்களுடையதாகவே இருந்தாலும், ஒளித்தால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

இங்கேதான் நீங்கள் சொன்ன பொய் காலைச் சுற்றப்போகிறது. உரிமைக் கோரிக்கை நீதிமன்றம் வரை போனால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிவரும். தம்பி இந்த வீட்டில் இல்லை, நான்கு வருடங்களுக்கு முன்பே போய்விட்டார் என்று அதில் எழுதுவீர்கள். எங்கே போனார் என்று கேட்பார்கள். வாசலில் நின்று ‘தெரியாது’ என்றதற்கும், சத்தியம் செய்து ‘தெரியாது’ என்று எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதற்குத் தண்டனை உண்டு. தீபாவளிக்கு வந்து போகிறவரின் தொலைபேசி எண்ணாவது உங்களிடம் இல்லாமல் இருக்காது. அந்த எண்ணை மறைத்துக்கொண்டு, ‘அவர் இங்கே இல்லை, என்னை நம்புங்கள்’ என்று நீதிமன்றத்திடம் கேட்பீர்களா?

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். அந்தத் தலைமுறையின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மலாயாத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி ஆள்சேர்ப்பு 1938இல் இந்தியா கதவை அடைத்ததோடு முடிந்தது. ஆனால் கங்காணியிடம் வாங்கிய முன்பணம், சம்பள நாளில் வாசலில் காத்து நிற்கும் கடைக்காரரின் கணக்கு, ஒருவன் பட்ட கடனுக்கு வீடே தலைகுனிவது ஆகியவை தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புக்கு வந்த பிறகும் கூடவே வந்துவிட்டன. ஒருவன் கடன் எல்லாருடைய கடன், ஒருவன் ஒளிந்தால் எல்லாரும் வாய் திறக்கக்கூடாது. காலையில் தோட்டத்து ஆள்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அர்த்தம் இருந்தது. எதிரே நின்றவன் துரை. இப்போது எதிரே நிற்பது யார்? கணக்கெழுதிக் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கிய உங்கள் தம்பி.

குடும்பக் கடமை என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நானும் அதில் நம்பிக்கை உள்ளவள்தான். ஆனால் இந்த உறவில் கடமை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு ஓட வேண்டும்? உங்கள் பிள்ளைகளுக்கு அவர் தாய்மாமன். மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் உரிமை அவருக்கு, சீர் கொண்டுவர வேண்டிய கடமையும் அவருக்கு. நம் முறையில் தாய்மாமன் அக்கா வீட்டுக்குக் கொண்டுவருகிறவன். இவரோ அக்கா வீட்டுக்கு ஜப்தியைக் கொண்டுவந்திருக்கிறார், 50 வெள்ளி உறையோடு.

உங்கள் கணவர் 200 வெள்ளி கட்டலாம் என்று சொன்னது பெருந்தன்மை அல்ல. உங்கள் முகத்தையும் தம் மாமியார் முகத்தையும் பார்த்துவிட்டு வேறு வழியில்லாமல் சொன்னது. செம்பனை ஆலைக் கொதிகலன் பக்கத்தில் நின்று சம்பாதித்த பணம் அது. ஒரு மாதமும் கட்டாதீர்கள். ‘நான் கட்டுகிறேன்’ என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட அவரை விடாதீர்கள். இன்று அவருடையதாக இல்லாத கடன், அந்தக் கையெழுத்தோடு அவருடையதாகிவிடும்.

தம்பியைக் கூப்பிடுங்கள். கெஞ்ச வேண்டாம். அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றச் சொல்லுங்கள். வீடு மாறியவர்கள் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்; நான்கு வருடமாக அவர் அதைச் செய்யவில்லை என்றால் அது மறதி அல்ல. நிறுவனத்தின் வழக்கறிஞருக்கும் தம் உண்மையான விலாசத்தை அவரே எழுதித் தெரிவிக்க வேண்டும். சம்மனே கைக்கு வரவில்லை, கடன் தொகை தவறு என்று அவர் சொல்வதானால், தீர்ப்பு கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கேட்டு மனுப்போட வேண்டும். கடன் உண்மைதான், கையில்தான் பணமில்லை என்றால், தவணையாகக் கட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது, காசு வாங்காமல் வழி சொல்வார்கள். அவரது ஊழியர் சேமநிதியைக் கடன்காரர்கள் தொட முடியாது. ஆகவே ‘எல்லாம் போய்விடும்’ என்று அழுதால் நம்பாதீர்கள். ஒளிந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் தீர்ப்புத் தொகைமேல் வட்டி ஏறுகிறது.

ஒரு வாரம் கொடுங்கள். தாளில் ஏலத் தேதி அதற்கு முன்பே இருந்தால் அந்த வாரமும் கிடையாது. அவர் செய்யவில்லை என்றால் அவருடைய எண்ணை நீங்களே பெய்லிஃபிடம் கொடுங்கள். அம்மா தண்ணீர் குடிக்க மாட்டார் என்கிறீர்கள். மகன் வீட்டில் போய்க் குடிக்கட்டும், ஜொகூருக்குப் பஸ் இருக்கிறது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். மகன் ஒளிவதற்கு மகளின் வீட்டைத் திரையாகப் பிடித்தவர் அவர்தான்.

தையல் மெஷின் விஷயத்தில் மட்டும் தனியாகக் கவனம் வையுங்கள். பழைய மெஷின் என்றால் ரசீது இருக்காது. நீங்கள் யார் யாருக்குத் தைத்துக் கொடுக்கிறீர்களோ, அவர்களில் நான்கைந்து பேரிடம், இத்தனை வருடமாக இந்த மெஷினில் இவரிடம் தைத்து வாங்குகிறோம் என்று பெயரும் அடையாள அட்டை எண்ணும் போட்டு எழுதி வாங்குங்கள். அளவு நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள்; தேதியோடு எழுதும் பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது.