வாக்கு வேறு, மனு வேறு

அன்புள்ள ஐயா,

என் சொந்த ஊர் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சிக்குப் பக்கம், வேலை பெங்களூரில். எங்கள் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை 1977 தொடங்கி 2021 வரை ஓர் அட்டவணையாகத் தொகுத்து வருகிறேன். வென்றவர், கட்சி, வாக்கு வித்தியாசம், சமூகப் பின்னணி என்று நான்கு பத்திகள் வைத்திருக்கிறேன். சில ஐயங்கள் உள்ளன. இத்தொகுதியை எந்தக் கட்சியின் கோட்டை என்று சொல்வது? வெற்றியைத் தீர்மானிப்பது சாதிக் கணக்குதானா? அடுத்தது 1996. அந்த ஆண்டு 1033 பேர் போட்டியிட்ட கேலிக்கூத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர்களில் 88 பேர் ஒரு வாக்குகூட வாங்கவில்லை என்று படித்தபோது, அது எங்கள் ஊர் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது. ஓர் அடிக்குறிப்போடு கடந்துவிடலாம் என்று நினைக்கிறேன். இன்று நோட்டா இருப்பதால் அப்படிப்பட்ட விளையாட்டுக்குத் தேவையும் இல்லை. டெபாசிட்டை ஒரு லட்சமாக உயர்த்திவிட்டால் இனி எவரும் துணியமாட்டார்கள். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., பெங்களூர்

அன்புள்ள க.,

சென்ற மாதம் ஊரில் பழைய வீட்டின் பரணை ஒழித்தபோது, ஒரு தகரப்பெட்டிக்குள் மஞ்சள் விற்ற சிட்டைகளோடு சேர்த்துக் கட்டியிருந்த 250 ரூபாய் ரசீது ஒன்று என் கைக்கு வந்தது. அதைத் தூக்கி எறியவும் மனமில்லாமல், திரும்பக் கட்டி வைக்கவும் மனமில்லாமல் மேசைமேல் வைத்திருந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் தொகுதி அட்டவணைகளுக்கெல்லாம் நான் பதில் எழுதுகிறவன் அல்ல.

முதல் இரண்டு ஐயங்களை விரைவாக முடித்துவிடுகிறேன். கோட்டை என்ற சொல்லை விட்டுவிடுங்கள். 1977இல் அதே தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இடம்பெற்ற சுப்புலட்சுமி ஜெகதீசன்தான் 1996இல் தி.மு.க. வேட்பாளராக அங்கே வென்றார். 2021இல் அதே தி.மு.க. சார்பில் நின்று பா.ஜ.க.வின் மருத்துவர் சரஸ்வதியிடம் 281 வாக்குகளில் தோற்றார். நடுவே 2006இல் காங்கிரஸ், 2011இலும் 2016இலும் அ.தி.மு.க. வாசல் இத்தனை பேருக்குத் திறந்திருக்கும் கட்டடத்தைச் சத்திரம் என்பார்களே தவிர, கோட்டை என்று எவரும் சொல்வதில்லை. சாதிக் கணக்கைப் பொறுத்தவரை, அதைக் கணக்கிட்டுத்தான் எல்லாக் கட்சிகளும் வேட்பாளரை நிறுத்துகின்றன. எல்லாரும் ஒரே விடையை எழுதிக்கொண்டு வரும் கணக்கில் வென்றவர் எதனால் வென்றார் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. அந்தப் பத்தியை நீக்கிவிட்டால் உங்கள் அட்டவணைக்கு ஒரு குறையும் வராது.

இனி அந்தக் கேலிக்கூத்து. இந்தச் சொல்லை நீங்கள் எழுதியபோது உங்கள் வயது என்ன, உங்கள் வீட்டில் 1996இல் மனு கொடுத்தவர் எவராவது இருந்தாரா என்று ஒரு வார்த்தை விசாரித்தீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் என்றால், மொடக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்க்காரரான உங்களுக்கு அவர்களில் ஒருவராவது பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருந்திருக்க வேண்டும். தொலைபேசியில் ஊரை அழைத்துக் கேட்க வேண்டியதை நீங்கள் இணையத்தில் தேடிப் படித்து, படித்த கையோடு கூச்சப்பட்டிருக்கிறீர்கள்.

அந்த 1033 பேரில் ஒருவர் என் சித்தப்பா. காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயலும், அதற்கு மேட்டில் கிணற்றை நம்பிய மூன்று ஏக்கர் காடும் வைத்திருந்தவர். கிணற்றுக்கு மின் இணைப்புக் கேட்டு ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். போகும்போதெல்லாம் முந்தைய மனுவைக் காணவில்லை என்று புது மனு எழுதி வாங்குவார்கள். கிணற்று மேட்டில் டீசல் எஞ்சினின் சத்தம் கேட்டால், அன்றைக்கு அவரிடம் டீசலுக்குக் காசு இருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். 1996 தேர்தலின்போது, விவசாயிகளின் கோரிக்கைகளுக்கு எந்த ஆட்சியும் செவிகொடுக்கவில்லை என்பதை நாட்டுக்குக் காட்டக் கூட்டங்கூட்டமாக வேட்புமனு தாக்கல் செய்வது என்ற பேச்சு எழுந்தபோது, அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. 250 ரூபாய் கட்டினார். அதற்கான ரசீதுதான் இப்போது என் மேசைமேல் இருப்பது. நான் அப்போது கல்லூரி முடித்த திமிரில், நீங்கள் எழுதியிருக்கும் அதே சொல்லைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “மனுவுக்கு ஸ்டாம்பு ஒட்டுனதா நெனச்சுக்கறேன் சாமி. இத்தன வருசமா குடுத்த மனுவ ஒருத்தனும் படிக்கல. இத அச்சடிச்சே தீரோணுமல்லோ?” என்றார்.

அச்சடித்தார்கள். வாக்குச்சீட்டு என்பது சீட்டாக இல்லாமல் புத்தகமாகவே வந்தது. தேர்தலை ஏறத்தாழ ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. சென்னையில் புதிய ஆட்சி அமைந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் வாக்களித்தார்கள். தி.மு.க. ஏறத்தாழ 40,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமி இரண்டாமிடம் பெற்றார். 2011இல் அவரே அங்கு வென்றார். ஆக, வாக்காளர்கள் குழம்பவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பெயர்கள் நிறைந்த ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, தாங்கள் தேடிவந்த சின்னத்தைக் கண்டுபிடித்துக் குத்தச் சொன்னபோது, எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் உட்பட எல்லாரும் அதைச் செய்துவிட்டு வந்தார்கள்.

அடுத்தது அந்த 88 சுழியங்கள். உங்களுக்குக் கூச்சம் தந்த இடம் அதுதான் என்பதால் அங்கேயே சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். ஒரு வேட்பாளர் சுழியம் வாங்கினார் என்றால் அதன் பொருள் என்ன என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். அவர் தமக்கே வாக்களிக்கவில்லை. வெளித்தொகுதியில் பெயர் இருந்ததால் சிலர் இங்கே வாக்களிக்க முடியாதவர்களாக இருந்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைய சட்டப்படி ஒவ்வொரு வேட்புமனுவையும் அத்தொகுதியின் வாக்காளர் ஒருவர் முன்மொழிந்து கையொப்பமிட வேண்டியிருந்தது. சுழியம் என்றால் அந்த முன்மொழிந்தவரும் வாக்களிக்கவில்லை. வீட்டிலிருந்த மனைவி, பெரிய மகன், வயலில் வேலை செய்தவர், தினமும் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என ஒருவரும் வாக்களிக்கவில்லை. ஏமாளிக்கு இரண்டு மூன்று வாக்குகள் விழும், ஐயா. நாம் வென்றுவிடக்கூடும் என்ற நப்பாசையில் நிற்பவன் தனக்குத்தானே ஒன்றைக் குத்திக்கொள்வான். தாட்சண்யத்துக்காகச் சித்தி ஒன்றைக் குத்துவாள். சுத்தமான சுழியத்தை வாங்க ஒரு குடும்பமே பேசி வைத்ததுபோல் நடந்துகொண்டிருக்க வேண்டும்.

என் சித்தப்பா சுழியம் வாங்கியவர். செய்தி தெரிந்த அன்று இரவு வீட்டில் பெரிய சிரிப்பு. “ஏனுங்க, நீங்களே உங்களுக்குப் போட்டுக்கலியா?” என்று சித்தி கேட்டார். “நீ போட்டியா?” என்று அவர் திருப்பிக் கேட்டார். சித்திதான் அவரை முன்மொழிந்தவர். இருவரும் அவரவர் கட்சிக்குப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். எந்தக் கட்சி என்று கடைசிவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. புத்தகத்தில் தம் பெயர் இருந்த பக்கத்தைப் பார்த்ததாகவும், எழுத்துப்பிழை இல்லாமல் அச்சடித்திருந்ததாகவும், அதைத் தாண்டிப் புரட்டித் தாம் குத்த வேண்டிய இடத்தில் குத்திவிட்டு வந்ததாகவும் சித்தப்பா சொன்னார். “ஓட்டு வேற, மனு வேற. ஒண்ணுக்கு ஒண்ணு கலக்கக் கூடாது” என்பதே அவர் எனக்குத் தந்த விளக்கம். வேட்புமனு என்ற சொல்லுக்குள்ளேயே மனு என்ற சொல் இருக்கிறது. நீங்களும் நானும் அதை வேட்பாளர் ஆவதற்கான படிவமாக வாசிக்கிறோம். அவர் அதை மனுவாகவே வாசித்தார். வட்டாட்சியருக்கும் மின்வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதியெழுதிப் பழகிய கை, படிவத்தின் தலைப்பில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் இதை மட்டும் எப்படி வேறாக வாசிக்கும்?

இதைத் திடீரென்று தோன்றிய கூத்தாக நீங்கள் நினைப்பதற்குக் காரணம், உங்கள் அட்டவணை தேர்தல் ஆண்டுகளை மட்டுமே அறிந்திருப்பதுதான். 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்டபோது பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரின் வீதிகளை அடைத்தார்கள். விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வர 1990 ஆயிற்று. வண்டியை நிறுத்திப் பார்த்தவர்கள், துப்பாக்கிக்கு முன் நின்று பார்த்தவர்கள், அந்த வரிசையில் வாக்குச்சீட்டில் பெயராக நின்றும் பார்த்தார்கள். மூன்றில் இதுதான் ஒருவருக்கும் காயம் படாத வழி.

அந்த மனுவுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் ஒரு லட்சம் ரூபாய் யோசனை அதன் தொடர்ச்சிதான். அதே 1996இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஃபுளோரைடு நீரால் எலும்பு வளைந்த, அன்றைய ஆந்திர மாவட்டமான நல்கொண்டாவில் 480 பேரும், மகாராஷ்டிரத்துடனான எல்லைத் தகராறுக்காகக் கர்நாடகத்துப் பெல்காமில் 456 பேரும் நின்றார்கள். சில மாதங்களுக்குள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. மக்களவைக்கு 500 ரூபாய் 10,000 ஆனது. சுயேச்சைகளை முன்மொழிய ஒருவர் போதும் என்றிருந்தது பத்துப் பேர் என்றானது. இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொரு திருத்தம். அதுவரை வாக்குச்சீட்டில் எல்லாப் பெயர்களும் ஒரே அகரவரிசையில் இருந்தன. ஆளுங்கட்சி வேட்பாளருக்கு முன்னும் பின்னும் எங்கள் ஊர்ப் பழனிசாமிகளும் இராமசாமிகளும் சமமாக நின்றார்கள். திருத்தத்துக்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு மட்டும் பெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில் என்று பந்தி பிரிக்கப்பட்டது. 1996இல் 13,952 ஆக இருந்த மக்களவை வேட்பாளர் எண்ணிக்கை 1998இல் 4,750 ஆகக் குறைந்தது. சீர்திருத்தம் பலித்துவிட்டது என்று பாராட்டினார்கள். எனக்குத் தெரிந்த அலுவலகங்களில் மனுக்கள் அதிகமாகக் குவிந்தால் மனுப்பெட்டியின் வாயைச் சிறிதாக்குவார்கள். இதுவும் அந்த வகை.

நிர்வாகத்தின் சிரமத்தை நான் அறியாதவன் அல்லன். புத்தகமாக வாக்குச்சீட்டு அடிப்பதும், அதைப் பெட்டிக்குள் திணிப்பதும், ஆயிரம் பெயர்களுக்குத் தனித்தனியாக எண்ணுவதும் விளையாட்டல்ல. அந்த ஊழியர்கள்மீது எனக்கு அனுதாபம் உண்டு. அதற்காக, கட்டணத்தை ஏற்றினால் மனு நின்றுவிடும் என்று எண்ணுவது பேதைமை. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில், மக்களவை டெபாசிட் 25,000 ரூபாயாகிவிட்ட பிறகும், மஞ்சளுக்கு வாரியம் வேண்டும் என்று கேட்டு 178 விவசாயிகள் மனு கொடுத்தார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். ஒரு வாக்குச்சாவடிக்குப் பன்னிரண்டு வாக்குப்பதிவுக் கருவிகளை வரிசையாக அடுக்க வேண்டியிருந்தது. அங்கே அப்போதைய முதல்வரின் மகள் கவிதா தோற்றார். 2025 சனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. மஞ்சளுக்குப் பெயர்போன ஈரோட்டுக்காரனாக எனக்குச் சற்றுப் பொறாமைதான். நீங்கள் சொல்லும் நோட்டாவிடம் இதைக் கேட்டிருக்க முடியாது. நிற்பவர்களில் எவரும் வேண்டாம் என்பதை மட்டுமே சொல்லத் தெரிந்த பொத்தான் அது. இணைப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும், விலை வேண்டும் என்று சொல்ல அதற்கு வாயில்லை.

கடுமையாக எழுதிவிட்டேன். உங்கள்மீது கோபமில்லை, அன்று சித்தப்பாவிடம் அதே சொல்லைச் சொன்ன என்மீதான கோபம் உங்கள் கடிதத்தின்மேல் கொஞ்சம் விழுந்துவிட்டது. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊரின் தேர்தல் எண்களைத் தேடிச் சேர்க்கும் பிள்ளை எனக்குப் பிரியமானவன்தான். சித்தப்பாவுக்கு மின் இணைப்பு பிறகு வந்தது. வரும்போது கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டதால் ஆழ்துளை போட வேண்டியிருந்தது. அது வேறு கதை.

அட்டவணையை முடித்து எனக்கு அனுப்புங்கள். 1996ஐ அடிக்குறிப்பில் வைக்காதீர்கள். முடிந்தால் தேர்தல் அறிக்கையிலிருந்து 1033 பெயர்களையும் எடுத்து இணைப்பாகச் சேருங்கள். கட்சி வாரியாகப் பிரிக்காமல், அன்று வாக்குச்சீட்டில் இருந்தபடி அகரவரிசையிலேயே இருக்கட்டும். என் சித்தப்பா எந்தப் பக்கத்தில் இருந்தார் என்று சித்திக்குக் காட்ட வேண்டும்.