மீன் கடிக்கிறது, முள் ஏறவில்லை: பிளாஸ்டிக் புழுவில் கோளாறு எங்கே?

கேள்வி: டாலஸுக்கு அருகே இர்விங்கில் வசிக்கிறேன். பாஸ் மீனுக்காக ஏழு அங்குல பிளாஸ்டிக் புழுவை, முள்ளின் முனை புழுவுக்குள் மறைந்திருக்கும் டெக்சாஸ் ரிக் முறையில் கோத்துக் கரையிலிருந்து வீசி வருகிறேன். மீன் கடிப்பது கையில் தெரிகிறது. சுண்டி இழுத்தால் வெறும் புழுதான் வருகிறது. அதுவும் முள்ளின் வளைவில் சுருண்டு கிடக்கிறது. தூண்டில் நரம்பும் முறுக்கேறிச் சிக்குகிறது. கடைக்காரர் விலை உயர்ந்த முள்ளையும், புழுவில் தடவும் வாசனைத் திரவத்தையும் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கையில் இருப்பதே போதும். நீங்கள் சொல்லும் தொல்லைகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: புழு முள்ளில் நேராக உட்காரவில்லை. கோணலாகக் கோத்த புழு, சூத்திரம் சரியில்லாத பட்டம்போலத் தண்ணீருக்குள் சுழன்றுகொண்டே வரும். அந்தச் சுழற்சிதான் நரம்பில் முறுக்காக ஏறுகிறது.

முதலில் புழுவை மூழ்கவைக்கும் கூம்பு வடிவக் குண்டை நரம்பில் கோத்துக்கொள்ளுங்கள். கூரான பக்கம் தூண்டில் கோலைப் பார்த்து இருக்க வேண்டும். பிறகு முள்ளைக் கட்டுங்கள். நரம்பைக் கட்டும் துளைக்கு அருகில் இசட் எழுத்துப்போல மடிந்திருக்கும் முள்தான் இந்த வேலைக்கு உரியது. முனையைப் புழுவின் தலையில் நட்டநடுவே கால் அங்குலம் செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளை இழுத்து, அந்த இசட் மடிப்பு புழுவின் தலைக்குள் போய் மறையும்வரை கொண்டுவந்து, முனை புழுவின் உடலைப் பார்க்கும்படி அரைவட்டம் திருப்புங்கள்.

அடுத்த படியில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். புழுவைத் தலைப்பக்கமாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். முள் அதன் அருகில் தானாகத் தொங்கும். முள்ளின் வளைவு புழுவின் எந்த இடத்துக்கு நேராக வருகிறதோ, அந்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். முனை அங்குதான் உள்ளே போக வேண்டும். அதற்கு மேலே குத்தினால் புழு இழுபட்டு விறைத்து நிற்கும். கீழே குத்தினால் நடுவில் கூன் விழும். குறித்த இடத்தில் முனையை எதிர்ப்பக்கம் வரை செலுத்தி வெளியே எடுத்து, பின் அதன் நுனியை மட்டும் புழுவின் மேல்தோலுக்குள் மெல்லச் செருகிவிடுங்கள். முனை புல்லில் மாட்டாது. மீன் வாயை மூடி நீங்கள் இழுக்கும்போது உடனே வெளிப்படும். வீசுவதற்கு முன் கரையோரத் தண்ணீரில் இரண்டடி இழுத்துப் பாருங்கள். சுழன்றால் கழற்றி மறுபடி கோத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் எந்தத் திரவத்தை வாங்கித் தடவியும் பயனில்லை.

மீன் விட்டுப்போன புழுவைக் கையில் எடுத்துப் பார்க்கப் பழகுங்கள். என்ன நடந்தது என்பதை அது சொல்லிவிடும். வால் மட்டும் கடிபட்டு அறுந்திருந்தால், வந்தது பெரும்பாலும் பாஸ் அல்ல. தடதடவென்று அடுத்தடுத்துக் கொத்துவது புளூகில் போன்ற சிறு மீன்களின் வேலை. அதற்காக உங்கள் முறையை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். தலை கழன்று புழு வளைவில் சுருண்டிருந்தால், இசட் மடிப்பில் பிடிப்பு இல்லை. தலை கிழிந்து தொளதொளவென்று ஆகியிருக்கும். கால் அங்குலம் கிள்ளி எடுத்துவிட்டுப் புதிதாகக் கோத்துக்கொள்ளுங்கள், அல்லது தலையில் ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுங்கள். புழு அப்படியே இருந்து முனை மட்டும் தோலைக் கிழித்து வெளியே வராமல் இருந்தால், முள் மழுங்கியிருக்கிறது அல்லது நீங்கள் நரம்பு தளர்ந்திருக்கும்போதே சுண்டிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து நடப்பதாகத் தோன்றுகிறது. பாஸ் வாயைத் திறந்து தண்ணீரோடு புழுவை உறிஞ்சும். அப்போது 'டக்' என்று ஒரு தட்டல் தெரியும், அல்லது நரம்பு பக்கவாட்டில் நகரும். அந்த நொடியில் பதறிச் சுண்டினால் உங்கள் பலமெல்லாம் தளர்ந்த நரம்பை இறுக்குவதிலேயே போய்விடும். கோலைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள், ரீலைச் சுற்றித் தளர்ச்சியை எடுங்கள், மீனின் கனம் கையில் ஏறியதும் கோலை மேல்நோக்கி வீச்சாக ஒரே இழுப்பில் தூக்குங்கள். இதற்கெல்லாம் ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். அதைவிடத் தாமதித்தால் மீன் முள்ளை விழுங்கிவிடும், அது மீனுக்கு நல்லதல்ல.

முள்ளைப் பற்றிக் கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். ஏழு அங்குல ஒல்லிப் புழுவுக்கு 3/0 அளவு போதும். பத்து அங்குலப் புழுவுக்கு 5/0. ஆனால் ஒரு நிறுவனத்தின் 3/0 முள்ளை இன்னொரு நிறுவனத்தின் 3/0 முள்ளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், நீளமும் அகலமும் ஒத்துவராது. இத்தனை பெரிய வணிகத்தில் ஓர் எண்ணுக்கு ஓர் அளவு என்று ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் மனம் வரவில்லை. புதிதாகக் கற்பவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார். ஆகவே எண்ணை நம்பாமல், பையோடு பிடித்து முள்ளைப் புழுவின் அருகில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்தால் கீறிப் பிடிக்க வேண்டும்; வழுக்கினால் அந்த முள்ளைத் தூக்கிப்போடுங்கள்.

வாசனைத் திரவம், பெட்டியாக மாதந்தோறும் வீட்டுக்கு வரும் புழுக்கள், நாற்பது நிறங்கள்: இவை எல்லாம் மீனைவிட மனிதரைப் பிடிப்பதற்குத் தயாரானவை. 1949இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் மென்மையான பிளாஸ்டிக்கில் புழுவை வார்த்தபோது தொடங்கிய தொழில் இது. பின்னாளில் அந்த நிறுவனம் உங்களிடமிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள டைலருக்கு இடம்பெயர்ந்தது. தெளிந்த தண்ணீருக்குப் பூசணிப் பச்சை, கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பும் நீலமும் கலந்தது, இந்த இரண்டோடு நிறுத்துங்கள். கரையிலிருந்து வீசுவதற்கு 3/16 அவுன்ஸ் குண்டு, காற்றடித்தால் கால் அவுன்ஸ். அடர்ந்த ஹைட்ரில்லா நீர்ச்செடிகளுக்குள் இறக்கும்போது மட்டும் குண்டு நகராமல் ரப்பர் தடையை நரம்பில் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். மீன்பிடி உரிமம் என்று இணையத்தில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் தளங்களில் சில அரசுத் தளங்களே அல்ல. படிவத்தை எப்படி நிரப்புவது என்று விளக்கும் தாளுக்குப் பணம் வாங்கிக்கொள்வார்கள். உரிமம் உங்கள் கைக்கு வராது. டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் சொந்தத் தளத்திலோ, விளையாட்டுப் பொருள் கடையின் கவுன்டரிலோ மட்டும் வாங்குங்கள். துறையின் ஒழுங்கும் பாராட்டும்படி இல்லை. ஆண்டு உரிமத்தை ஜூலையில் வாங்கினாலும் அது ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். நன்னீர், உப்புநீர், இரண்டும், வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு என்று பலவகைத் தொகுப்புகள். எது யாருக்கு என்று எளிய மொழியில் ஒரு பக்கத்தில் எழுதி வைத்தாலே இடைத்தரகர்களில் பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

ஒரு விலக்கை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், அது உங்களுக்குப் பயன்படும். டெக்சாஸ் மாநிலப் பூங்காவின் எல்லைக்குள், கரையிலிருந்தோ மீன்பிடி மேடையிலிருந்தோ பிடித்தால் உரிமம் தேவையில்லை. உங்களுக்குப் பக்கத்தில் ஜோ பூல் ஏரிக்கரையிலுள்ள சீடர் ஹில் மாநிலப் பூங்கா அப்படிப்பட்டது. ஆனால் 'பூங்கா' என்றால் எல்லாப் பூங்காவும் அல்ல. நகராட்சிப் பூங்காவின் குளத்துக்கு இந்த விலக்கு கிடையாது. ராணுவப் பொறியாளர் பிரிவு நடத்தும் ஏரிக்கரைப் பூங்காவுக்கும் கிடையாது, அங்கும் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்களே என்று வாதாடிப் பயனில்லை. அதே சீடர் ஹில் பூங்காவிலிருந்து படகை இறக்கி ஏரிக்குள் போனால் உரிமம் வேண்டும்; பூங்கா வேலியைத் தாண்டி அடுத்த கரைக்கு நடந்துபோய் வீசினாலும் வேண்டும். நுழைவுக் கட்டணம் தனி. உரிமம் வேண்டாம் என்பதால் அளவு விதிகள் தளர்ந்துவிட்டன என்றும் எண்ண வேண்டாம்.

வார இறுதியில் லேக் ஃபோர்க் ஏரிக்கு அழைத்துப்போகிறேன், உரிமமும் சேர்த்துத்தான் கட்டணம் என்று குழுவாக ஆள் சேர்ப்பவர்களிடம் விழிப்பாக இருங்கள். இந்த மாநிலத்தில் வழிகாட்டிக்குத் தனி உரிமம் உண்டு. அதைக் காட்டச் சொல்லுங்கள். அவரிடம் அது இருந்தாலும் 17 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் சொந்த மீன்பிடி உரிமம் வேண்டும். மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன் வந்து கேட்கும்போது அபராதம் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். லேக் ஃபோர்க் சாதாரண ஏரி அல்ல. 1992 ஜனவரியில் பேரி செயின்ட் கிளேர் பிடித்த 18.18 பவுண்டு பாஸ், மாநிலச் சாதனை, அங்கிருந்து வந்ததுதான். அந்த ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல், 24 அங்குலத்துக்குக் கீழ் உள்ள பெருவாய் பாஸை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். இது தெரியாத 'வழிகாட்டி'யோடு படகில் ஏறாதீர்கள்.

கிழிந்த புழுக்களை ஏரியில் எறியாதீர்கள். மீன் விழுங்கினால் அவை செரிக்காமல் வயிற்றில் ஊதிக்கொள்ளும். சட்டைப்பையில் போட்டு வீட்டுக் குப்பையில் சேருங்கள். மீதமுள்ளவற்றை அவை வந்த பையிலேயே வையுங்கள். ரப்பர்போல நீண்டு இழுபடும் வகைப் புழுவைச் சாதாரணப் புழுவோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். டெக்சாஸ் வெயிலில் காருக்குள் விட்டால் விரைவிலேயே அப்படி ஆகிவிடும்.