பூச்சியத் தாக்குதல் உள்ள ஓர்னிதொப்டரை டெக்கில் வைக்கலாமா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமா ஒரு பெட்டி நிறைய மெஜிக் (Magic: The Gathering என்ற அட்டை விளையாட்டு) அட்டைகள் தந்தார். அதில் நாலு ஓர்னிதொப்டர் இருக்கிறது. தாக்கும் பலம் பூச்சியம், தாங்கும் பலம் இரண்டு. மச்சான்மார் எல்லாரும் "இதைத் தூக்கி எறி" என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஸ்பிரிங்லீஃப் டிரம்மும் ஒரு கிரேனியல் பிளேட்டிங்கும் கூட இருக்கின்றன. டெக்கில் வைக்கலாமா? (கல்முனையிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: எறிய வேண்டாம் தம்பி. நாலையும் வையுங்கள். ஆனால் இப்போது நீங்கள் விளையாடுகிற அட்டைக் கட்டில், அதாவது டெக்கில், அப்படியே செருகினால் மச்சான்மார் சொன்னதுதான் நடக்கும். அதைச் சுற்றி டெக்கைக் கட்ட வேண்டும்.

நம் வீடுகளில் 304 சீட்டு விளையாடாதவர் குறைவு. அதில் ஏழுக்குப் புள்ளியே கிடையாது. ஆனால் துரும்பு ஏழு கையில் இருந்தால், வேறு இனத்தில் இறங்கிய 30 புள்ளி ஜெக்கையும் வெட்டி எடுத்துவிடலாம். அட்டையில் எழுதியிருக்கிற எண்ணை மட்டும் பார்த்து மதிப்புப் போடக் கூடாது என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. மெஜிக்கில் மட்டும் ஏன் அதை மறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஓர்னிதொப்டர் 1994இல் வந்த அன்டிக்விட்டீஸ் தொகுப்பிலேயே இருந்த அட்டை. பிறகு எத்தனையோ தொகுப்புகளில் திரும்பத் திரும்ப அச்சானது. அதை இறக்க மானா (அட்டைகளை இறக்கக் கொடுக்கிற சக்தி) எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அது பறக்கும், அதனால் பறக்கிற உயிரியோ, பறப்பதைப் பிடிக்கும் திறன் உள்ள உயிரியோ இல்லாமல் எதிராளியால் அதைத் தடுக்க முடியாது. மூன்றாவதாக, அது உயிரியாக இருப்பதோடு ஓர் ஆர்ட்டிபெக்டும்கூட, அதாவது பொறி, கருவி போன்ற பொருள் வகை அட்டை. இந்த மூன்றும் ஒரே அட்டையில் இருப்பதுதான் விசயம்.

கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால் சின்னத் தோணிகள் போவது தெரியும். தோணி மீன் பிடிக்காது, வலைதான் பிடிக்கும். ஆனால் வலையை மீன் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோவது தோணி. ஓர்னிதொப்டரும் அப்படி ஒரு தோணிதான். அதில் எந்த வலையை ஏற்றுவது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

உங்கள் பெட்டியில் இருக்கிற பிளேட்டிங் நல்ல வலை. அதை அணிந்த உயிரிக்கு, உங்கள் பக்கம் இருக்கிற ஒவ்வோர் ஆர்ட்டிபெக்டுக்கும் ஒரு தாக்கும் பலம் கூடும். ஒரு தடவை மேசையில் பரப்பிப் பாருங்கள். முதல் முறையில் ஒரு லேண்ட் (மானா தருகிற நில அட்டை), அந்த மானாவில் ஒரு டிரம், காசில்லாமல் இரண்டு ஓர்னிதொப்டர். இரண்டாம் முறையில் இன்னொரு லேண்ட். டிரம்மையும் ஓர் ஓர்னிதொப்டரையும் சரித்தால் (பயன்படுத்தியதற்கு அடையாளமாகப் பக்கவாட்டில் திருப்பினால்) ஒரு மானா வரும். லேண்டுகளோடு சேர்த்து மூன்று. இரண்டு மானாவுக்குப் பிளேட்டிங், மிச்சம் ஒன்றுக்கு அதை மற்ற ஓர்னிதொப்டரில் மாட்டுங்கள். இப்போது உங்கள் பக்கம் டிரம், பிளேட்டிங், இரண்டு ஓர்னிதொப்டர் என்று நாலு ஆர்ட்டிபெக்ட். பூச்சியம் என்று சிரித்த அட்டை இரண்டாம் முறையிலேயே வானத்தால் வந்து நாலு அடிக்கும். எதிராளியின் உயிர் 20. அடுத்த முறையில் இன்னும் இரண்டு ஆர்ட்டிபெக்ட் இறங்கினால் அடி ஆறு.

டிரம்மில் பலர் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. புதிதாக இறங்கிய உயிரி அந்த முறையில் தாக்க முடியாது. ஆனால் டிரம்முக்காக அதை உடனே சரிக்கலாம், ஏனென்றால் அது டிரம்மின் திறன், உயிரியின் திறன் அல்ல. ஆகவே முதல் முறையிலேயே டிரம்முக்குக் கொடுத்த மானா திரும்பக் கைக்கு வந்துவிடும்.

சரி, பிளேட்டிங் ஒன்றுதானே இருக்கிறது? 60 அட்டை டெக்கில் ஒன்றே ஒன்று என்றால் பத்து அட்டை பார்த்த பிறகும் ஆறு ஆட்டத்தில் ஒன்றில்தான் அது வந்திருக்கும். மாமாவிடம் கேட்க முடிந்தால் போன்ஸ்பிளிட்டர் என்ற கருவி அட்டை நாலு அனுப்பச் சொல்லுங்கள். இறக்க ஒரு மானா, மாட்ட ஒரு மானா, தாக்கும் பலம் இரண்டு கூடும். நீல நிற டெக் என்றால் நிஞ்சா ஒஃப் த டீப் அவர்ஸ் கேளுங்கள். தடுக்கப்படாத ஓர்னிதொப்டரைக் கைக்குத் திரும்ப எடுத்து, இரண்டு மானாவுக்கு நிஞ்சாவை அந்த இடத்தில் தாக்குகிற நிலையில் இறக்கலாம். இரண்டு அடியும் விழும், நீங்கள் ஒரு அட்டையும் இழுக்கலாம். அப்புறம் ஓர்னிதொப்டரை அதே முறையில் காசில்லாமல் திரும்ப இறக்கிவிடலாம். போன மாரியில் மின்சாரம் இல்லாத ஓர் இரவு, அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் என் மருமகன் இதை எனக்கே செய்து காட்டினான். கையில் எடுத்த அட்டையின் மூலை தேய்ந்து வெள்ளையாகியிருந்தது, அவ்வளவு தடவை இறக்கி எடுத்திருக்கிறான்.

அதன் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. மானா இலவசம் என்றாலும் கையில் அது பிடிக்கிற இடம் இலவசம் இல்லை. எட்டாம் முறையில் வெறும் மேசையில் இழுத்தால் அது அநேகமாக வீண் அட்டை. பெரிய ஓர் உயிரியை ஒரு தடவை மறித்துச் சாகலாம், அவ்வளவுதான். தாங்கும் பலம் இரண்டு என்பதால், எல்லா உயிரிக்கும் இரண்டு அடி கொடுக்கிற சிவப்பு அட்டையான பைரோகிளாசம் ஒன்று விழுந்தால் நாலும் ஒன்றாகப் போய்விடும். எதிரே சிவப்பு டெக் இருந்தால் இரண்டை இறக்கி, மற்றதைக் கையில் பிடியுங்கள். தனி ஒன்றை அவர் மின்னல் போட்டுக் கொன்றால் கவலை வேண்டாம். அவருக்கு ஒரு மானாவும் ஒரு அட்டையும் போகும், உங்கள் பிளேட்டிங் மேசையிலேயே கிடக்கும். இதனால்தான் உயிரியோடு சேர்ந்து செத்துப்போகிற ஓரா அட்டைகளைவிடக் கழற்றி மாட்டுகிற கருவிகளை நான் விரும்புகிறேன்.

என் கணக்கில், ஓர்னிதொப்டர் தவிர 15 ஆர்ட்டிபெக்டாவது சேர்ந்தால் நாலையும் வையுங்கள். அதற்குக் குறைந்தால் ஒன்றுகூட வேண்டாம், சேரும்வரை பெட்டியில் இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி ஈரத்துக்கு அட்டை வளையும். உறையில் போட்டு, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.

நாலு வைத்தால் தொடக்கக் கையில் ஒன்றாவது வருகிற வாய்ப்பு 100க்கு ஏறக்குறைய 40. மூன்று ஓர்னிதொப்டரும் நாலு லேண்டும் மட்டும் வந்தால் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கையைத் திருப்பிப் போட்டு, புதிதாக ஏழு இழுத்து, அதில் ஒன்றை டெக்கின் அடியில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.