மூணாறுப் பனியில் கண்ணாடி மூடிப் பெட்டி: கேள்வி-பதில்

உறைபனியிலிருந்து நாற்றையும் செடியையும் காக்க, மேலே சரிவான கண்ணாடி மூடி போட்ட பலகைப் பெட்டி இது. வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்:

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் கொஞ்சம் இடம் இருக்கிறது. பெட்டி எந்த அளவில் செய்வது? (குண்டளை)

பழைய ஜன்னல் கதவு கிடைத்தால் முதலில் அதை அளந்துகொள்ளுங்கள். பெட்டி அதற்கேற்ப அமையட்டும். மூன்றடிக்கு இரண்டடி தாராளம். பின்பலகை 18 அங்குல உயரம், முன்பலகை 12. தாழ்ந்த பக்கம் தெற்கே பார்க்கட்டும், தை மாதம் வெயில் அங்கிருந்துதான் வரும். அடிப்பலகை வேண்டாம், தண்ணீர் தேங்கும். கண்ணாடி இல்லையென்றால் 6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட் (நடுவே குழல் குழலாக இருக்கும் பிளாஸ்டிக் தகடு) போடுங்கள். குழல்கள் சரிவின் போக்கில் இருக்க வேண்டும், மேல்முனையை டேப் ஒட்டி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும்.

ராத்திரி மூடித்தான் வைக்கிறேன், ஆனாலும் இலை நுனி கருகுகிறது. (செண்டுவாரை)

இலை கண்ணாடியில் ஒட்டுகிறதா பாருங்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் முதலில் குளிர்வது கண்ணாடிதான். அதைத் தொடும் இலை கருகும். நாலு விரல் இடைவெளி விடுங்கள். ஓடைக்கரைப் பள்ளத்தில் பெட்டி இருந்தால் மேட்டுக்கு மாற்றுங்கள், குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். மாலை 4 மணிக்கே மூடி, பகல் சூட்டை உள்ளே பிடியுங்கள். மேலே காய்ந்த சாக்கு இரண்டு மடிப்பு. ஈரச் சாக்கு உதவாது. தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்கள் நாலைந்தை வடபுறச் சுவரோரம் வையுங்கள். பகலில் சூடேறி, இரவில் மெல்ல விடும். காலையில் இலையில் ஐஸ் பிடித்திருந்தால் சாக்கைச் சட்டென்று எடுக்காதீர்கள். வெயில் நேராகப் படாமல் மெதுவாக உருகட்டும்.

பனி இல்லாத நாளிலும் செடி துவண்டுவிடுகிறதே? (அதே வாசகி)

அது வெக்கை. நம் மலையில் இந்தப் பெட்டிக்குள் குளிரைவிட முற்பகல் வெயில்தான் அதிகச் செடிகளைக் கொல்கிறது. வெளியே சில்லென்று இருந்தாலும் மூடிய கண்ணாடிக்குள் சூடு கிடுகிடுவென ஏறும். உள்ளே 20 டிகிரி தாண்டினால் மூடிக்கு அரைச் செங்கல் முட்டுக் கொடுங்கள், 25 தாண்டினால் முழுசாகத் திறங்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கிளம்பும்போதே இரண்டு விரல் திறந்து கயிற்றால் கட்டிவிட்டுப் போவது நல்லது. ஒருநாள் மறந்தாலும் நாற்று வெந்துவிடும்.

லெட்யூஸ் நாற்று அடித்தண்டில் இற்றுச் சாய்கிறது. (வட்டவடை)

நாற்றழுகல். நெருக்கி விதைத்து, மாலையில் தண்ணீர் ஊற்றி, மூடி வைத்தால் வரும். சாய்ந்தவை பிழைக்காது, மண்ணோடு அள்ளி எறியுங்கள். மற்றவற்றின் வேரடியில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கலந்து ஊற்றுங்கள். இனிமேல் தண்ணீர் காலையில் மட்டும்.

பூச்செடி எதை வைக்கலாம்? (மூணாறு)

பெகோனியா, பெட்டூனியா, ஜெரேனியம் பதியன்கள். ஜெரேனியத்துக்கு மண் காய்ந்த பிறகே தண்ணீர். பேன்ஸி லேசான பனியை வெளியிலேயே தாங்கும், அதற்கு இடத்தை வீணாக்க வேண்டாம்.

மறையூரிலும் பெட்டி செய்யலாமா?

தேவையில்லை. அங்கே உயரம் குறைவு, வெயில் அதிகம். நாற்றுக்கு நிழல்வலை கட்டுங்கள்.